வாளி வைத்த கட்டில்

அவள் வேலைக்கு ஆஸ்பத்திரி வைத்திருந்த பெயர் படுக்கை ஒருங்கிணைப்பு அலுவலர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருவருக்கு ஊசியே போட்டுவிடலாம் என்பதால் யாரும் சொன்னதில்லை. டாக்டர், நர்ஸ், கூட்டிப் பெருக்குகிறவர், கேன்டீன்காரர் எல்லாருக்கும் அவள் கட்டில் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டில் தேவைப்படும்போது மனிதர்களுக்கு வயது குறைந்துவிடுகிறது.

வேலை என்னவோ ஒரு வரியில் சொல்லிவிடக் கூடியதுதான். தரைத்தளத்தில் அவசரப் பிரிவு. அங்கே வருகிறவரை டாக்டர் பார்த்து, இவர் வீட்டுக்குப் போகக் கூடாது, வார்டில் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், மேலே இருக்கும் மாடிகளில் எங்காவது அவருக்கு ஒரு கட்டில் பிடித்துக் கொடுக்க வேண்டும். பிடித்துக் கொடுக்கும்வரை அவர் கீழேயே ஸ்ட்ரெச்சரில் கிடப்பார். அறைக்குள் இடமில்லாவிட்டால் நடைபாதையில், நடைபாதையும் நிறைந்தால் டீ மெஷினை ஒட்டி. டீ மெஷினுக்கு அப்பால் வாசல். வாசலுக்கு அப்பால் ஆம்புலன்ஸ்கள், ஆளை இறக்க இடமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்.

பார்க்கிறவர்களுக்குக் கீழே இருப்பவர்கள்தான் சோம்பேறிகள் என்று தோன்றும். கூட்டத்தில் யாராவது ஒருவர் பொறுமை இழந்து மேசையைத் தட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் தொட்டியைத் திட்டி என்ன பிரயோஜனம், அடைப்பு குழாயில் இருக்கிறது. இந்த ஆஸ்பத்திரியின் குழாய் மேல்நோக்கிப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மேலே என்ன நடக்கிறது என்று அக்காவிடம் கேட்டால் விடிய விடியச் சொல்வாள். கட்டில்கள் காலியாவது பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான். அவரோ காலையில் ஆபரேஷன்களை முடித்துவிட்டு வருவார். வந்து, இவர் வீட்டுக்குப் போகலாம் என்று வாயால் சொன்னால் போதாது, அதை எழுத ஒரு சின்ன டாக்டர் வேண்டும். எழுதினால் மருந்தகத்திலிருந்து மாத்திரை வர வேண்டும். மாத்திரை வந்தால் மகன் வண்டி கொண்டுவர வேண்டும், அதற்கு முதலில் அந்த மகன் போனை எடுக்க வேண்டும். வீட்டுக்குப் போகிறவர் சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டில் மேலேயே உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்தால்தான் கீழே ஒருவர் படுக்க முடியும்.

காய்ச்சலுக்கும் இருமலுக்கும் ஓடி வருகிறவர்களால்தான் கூட்டம் என்று நிர்வாக மேசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். தெருவில் இருக்கும் கிளினிக் விளக்கு போடும் நேரத்துக்குக் கதவைச் சாத்தினால் ஜனங்கள் எங்கே போவார்கள்? அப்படி வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஊசி போட்டுக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு இருப்பது அவரில்லை. அக்காவுக்கு இது தெரியும். ஆனால் அவள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள அந்தப் பெரியவர்களுக்கு நேரமில்லை, அவர்களுக்குத் தலைக்கு மேல் கூட்டங்கள்.

இதனால்தான் அவள் வாயில் ஒரு சொல் ஒட்டிக்கொண்டது. எப்போ கட்டில் கிடைக்கும் என்று யார் கேட்டாலும், "மதியத்துக்குள்ள" என்பாள். ஆரம்பத்தில் அது கணக்குப் போட்டுச் சொன்ன பதில்தான். பெரிய டாக்டர் பார்த்து, மாத்திரை வந்து, மகன் வந்து, எல்லாம் சரியாக நடந்தால் மதியம். நாளாக நாளாகக் கணக்கு போய்விட்டது, சொல் மட்டும் நின்றுவிட்டது. தும்மினால் வாயைப் பொத்துவது மாதிரி, யாராவது கேட்டால் மதியத்துக்குள்ள.

இந்த வேலைக்கு வருமுன் அவள் வார்டு நர்ஸ். முழங்கால் தேய்ந்து, நாள் முழுக்க நிற்க முடியாமல் போனதால் போன் வைத்த மேசையில் உட்கார்த்தினார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். போனில் கேட்டால் எந்த வார்டிலும் கட்டில் இருக்காது. நேரில் போய் நின்றால்தான் இருக்கும். ஆகவே முழங்காலுக்கு ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு முன்னைவிட அதிகமாக நடந்தாள்.

போனில் ஏன் இருக்காது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அந்த வித்தையில் அவளே கைதேர்ந்தவள். அதற்கு வாளி வைப்பது என்று பெயர். ஒருவர் வீட்டுக்குப் போனதும் கட்டிலைக் கழுவித் துடைத்து, புது விரிப்பு போட வேண்டும். அதுவரை அது காலிக் கட்டில் ஆகாது. பக்கத்தில் ஒரு வாளி, அதன் விளிம்பில் ஒரு துணி. அவை இருக்கும்வரை, கட்டில் கழுவிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். கழுவி முடித்த பிறகும் வாளி அங்கேயே நின்றால் யார் கேட்பது? அடுத்த ஷிப்ட் வரும்வரை மூச்சு விட்டுக்கொள்ளலாம். அக்கா நர்ஸாக இருந்த காலத்தில், விரிப்பு போட்டு மொடமொடவென்று இருக்கும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கூசாமல் வாளி வைத்தவள். இப்போது வார்டுக்குள் நுழைந்ததும் அவள் கை முதலில் போவது அந்தத் துணிக்குத்தான். ஈரமாக இருந்தால் பேசாமல் போய்விடுவாள். காய்ந்திருந்தால் துணியை எடுத்து நர்ஸின் கையில் கொடுப்பாள். சண்டையெல்லாம் கிடையாது.

இதெல்லாம் அவளுக்குச் சிரிப்பாக இருந்த காலம் ஒன்று உண்டு. அத்தை விழுந்த பிறகு சிரிப்பு போய்விட்டது.

அத்தை என்றால் மாமியார். சினிமா தியேட்டர் ஒன்றில் டிக்கெட் கவுண்டரில் ஆயுசைக் கழித்தவள். சின்ன ஓட்டை வழியாக ஊரையே பார்த்தவள் என்பதால் வாய் கொஞ்சம் அதிகம். குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, மூன்றாம் மாடி எலும்பு வார்டில் இருந்தாள். ஆபரேஷன் நன்றாக நடந்தது. தையல் பிரித்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று பெரிய டாக்டர் சொல்லியும் ஆகிவிட்டது. ஆனால் வீடு இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. கட்டில் அக்கா விடிந்தால் ஆஸ்பத்திரிக்கு, அவள் கணவர் விடிவதற்கு முன்னாலேயே பஸ் டிப்போவுக்கு. பாத்ரூமுக்குப் பிடித்துக்கொண்டு போய்வர வீட்டில் ஓர் ஆள் இல்லை. நடக்கப் பழக்கி அனுப்புகிற இல்லம் ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. போன் செய்தால் அங்கேயும் ஒரு பெண் குரல், அங்கேயும் இடமில்லை. "இந்த வாரத்துக்குள்ள சொல்றோம்மா" என்றது அந்தக் குரல். அந்தச் சொல்லின் எடை என்னவென்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் போனின் இந்தப் பக்கம் இருந்தாள்.

ஆக, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியும் போகாமல் கட்டிலைப் பிடித்திருக்கும் நோயாளிகளில் அவள் மாமியாரும் ஒருத்தி. மற்றவர்களின் மகன்களுக்குப் போன் போட்டு, "உங்க அப்பாவ எப்ப சார் கூட்டிட்டுப் போவீங்க, கீழ எத்தன பேர் காத்திருக்காங்க தெரியுமா" என்று கேட்கும்போது அவள் குரல் முன்போல உயர்வதில்லை.

அன்றைக்குக் காலை கட்டில் அக்கா உள்ளே நுழைந்தபோது நடைபாதையில் எள் விழ இடமில்லை. ஸ்ட்ரெச்சர்கள் ஒன்றின் தலைமாட்டில் ஒன்றாக டீ மெஷின்வரை நின்றன. அவற்றின் சக்கரங்களில் ஒன்றுகூடப் பூட்டப்பட்டிருக்கவில்லை. அது அந்த ஆஸ்பத்திரியின் பழக்கம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் காலால் அழுத்திப் பூட்டுகிற ஒரு கட்டை உண்டு. ஆனால் நிமிஷத்துக்கு ஒருதரம் யாராவது ஒருவரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிற இடத்தில், பூட்டிய ஸ்ட்ரெச்சர் என்பது நடுவழியில் நிற்கும் சுவர். அதனால் யாரும் பூட்டுவதில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணன் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமே அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்.

டீ மெஷினுக்கு முந்தின ஸ்ட்ரெச்சரில் ஒரு தையல்காரம்மா. முந்தின நாள் மதியம் மூச்சுத் திணறி வந்தவள், நுரையீரலில் சளி கட்டியிருந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவளை அப்படியே தூக்கி வந்திருந்தார்கள், அளவு டேப் இன்னும் கழுத்திலேயே கிடந்தது. முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். பக்கத்தில் அவளுடைய தங்கை, உட்கார நாற்காலி இல்லாமல், சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நீங்கதான் கட்டில் அக்காவா?"

"ஆமாம்மா."

"எங்க அக்காவுக்கு எப்ப கட்டில் கிடைக்கும்?"

"மதியத்துக்குள்ள."

"நேத்து உங்களுக்குப் பதிலா இருந்தவங்களும் அதேதான் சொன்னாங்க." அந்தப் பெண் கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வது மாதிரிச் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்கா முதலில் போனது இரண்டாம் மாடி, பெண்கள் பொது வார்டு. அங்கே இருந்த நர்ஸுக்குச் சிரிப்பு சிஸ்டர் என்று பெயர். சிரித்து யாரும் பார்க்காததால் வந்த பெயர். ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி நின்றது. அக்கா துணியைத் தொட்டாள். அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது.

சிரிப்பு சிஸ்டர் ஓடி வந்தாள். "அக்கா, துணிய என் கையில குடுத்துடாதீங்க. சத்தியமா முடியல."

"கீழ ஒரு பொண்ணு மூச்சு விட முடியாம கிடக்குதும்மா."

"தெரியும். இங்க நானும் இன்னொரு பொண்ணும்தான். மூணாவது ஆளு லீவு, நாலாவது ஆளு வேலைய விட்டே போயாச்சு. அந்த ஓரத்துல ரெண்டு பேர அரை மணிக்கு ஒருதரம் பாக்கணும். உங்க பொண்ணு மேல வந்தா ஆக்ஸிஜன் யாரு பாக்கறது? கட்டில் இருக்குக்கா, கை இல்ல."

கீழே ஒருவர் கண்ணெதிரில் திணறுவதும் மேலே ஒருவர் கவனிப்பாரில்லாமல் திணறுவதும் ஒன்றில்லை. கீழே ஒரு டாக்டராவது கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். வாளிக்குப் பின்னால் சோம்பேறித்தனம் மட்டும் ஒளிந்திருப்பதில்லை என்பது வாளி வைத்துப் பழகியவளுக்குத் தெரியும். அக்கா துணியை விளிம்பிலேயே போட்டாள்.

"ஷிப்ட் மாறி ஆளு வந்ததும் எடுத்துடு."

"எடுத்துடறேன்க்கா."

மற்ற மாடிகளிலும் தேடினாள். ஒருத்தி சேலை கட்டித் தயாராக இருந்தாள், மாத்திரை வரவில்லை. ஒருத்திக்கு மாத்திரை வந்துவிட்டது, மருமகன் வரவில்லை. ஒருத்திக்கு எல்லாம் வந்துவிட்டது, எழுத வேண்டிய சின்ன டாக்டர் வேறொரு வார்டில் யாருக்கோ நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். கடைசியாக எலும்பு வார்டு. வேண்டுமென்றேதான் அவள் அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

எலும்பு வார்டு நர்ஸ் நல்லவள், பேச்சை வளர்க்கத் தெரியாதவள். "ஒரு கட்டில்தான்க்கா விட முடியும். எதுன்னு உங்களுக்கே தெரியும்."

அத்தை கட்டிலில் சாய்ந்து பக்கத்துக் கட்டில்காரிக்கு எதையோ விவரித்துக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வா வா. இன்னிக்கு இந்த ஃபேன் நல்லா ஓடுது. நம்ம வீட்டு ஃபேன் மாதிரி கத்தல." வீட்டுக்குப் போக வேண்டும் என்று அத்தை ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக ஆஸ்பத்திரியைப் புகழ்வாள்.

அக்கா வராந்தாவுக்கு வந்து கணவருக்குப் போன் போட்டாள். பஸ் ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார். கடைசி நிறுத்தத்தில் இறங்கித் திருப்பிக் கூப்பிட்டார். அத்தையை இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவள் சொன்னாள்.

"சாயங்காலம் வண்டிய விட்டுட்டு வந்துடறேன். கீழ் வீட்டுக்காரங்க ரெண்டு பேர கூப்பிட்டா, நாற்காலியோட தூக்கிடலாம்."

"நாளைக்கு யாரு பாத்துக்கறது?"

"நாளைக்குக் காலைல பாத்துக்கலாம்."

"நாளைக்குக் காலைல நம்ம ரெண்டு பேருமே வீட்ல இருக்க மாட்டோம்."

"அப்ப என்ன செய்யச் சொல்ற?" என்றார். சாயங்காலமே வந்துவிடுங்கள் என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

அத்தையிடம் போய், "வீட்டுக்குப் போலாமா அத்தை?" என்று கேட்டாள். அத்தை ஒரு கணம் மருமகளின் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையணைக்கடியில் இருந்து சீப்பை எடுத்துத் தலை வாரத் தொடங்கினாள். அவ்வளவு சீக்கிரமாக அவள் தலை வாரி யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம்வரை எங்கே வைப்பது? சக்கர நாற்காலியில் உட்கார்த்தி, அவசரப் பிரிவுக்குப் பின்னால் இருந்த தன் சின்ன அறைக்கே கொண்டுவந்தாள். ஒரு மேசை, ஒரு போன், ஆம்புலன்ஸ் வரிசையைப் பார்க்கிற ஒரு ஜன்னல். மேலே கட்டிலைக் கழுவ ஆள் சாப்பிடப் போயிருந்ததால் அதையும் அவளே கழுவிவிட்டு வந்திருந்தாள், முழங்கால் விண்விண் என்று தெறித்தது. போனை எடுத்து, எலும்பு வார்டில் ஒரு கட்டில் ரெடி, தையல்காரம்மாவை அனுப்புங்கள் என்றாள்.

"அந்தக் கட்டில் போயிடுச்சுக்கா" என்றது போன். லாரி மோதிக் காலை இழக்கவிருந்த ஒரு பெண்ணை ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே கொண்டுவந்திருந்தார்கள். அவளுக்கு எலும்பு வார்டைத் தவிர வேறு எங்கேயும் இடம் கொடுக்க முடியாது. அவளை நகர்த்தாவிட்டால் அடுத்த ஆபரேஷன் நடக்காது. நியாயம்தான். அந்த ஆஸ்பத்திரியில் கட்டில் கேட்கிற எல்லாருமே நியாயமாகத்தான் கேட்டார்கள், அதுதான் கொடுமை.

அத்தைக்கு அறை பிடித்துப்போயிற்று. அத்தனை பேர் வருவதும் போவதும், போன் ஓயாமல் அடிப்பதும் அவளுக்குப் பழைய கவுண்டரில் உட்கார்ந்தது போல இருந்தது. மருமகள் ஒவ்வொரு போனுக்கும் ஒரே பதிலைச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, இவ்வளவு பொய்யா சொல்லுவ? எங்க தியேட்டர்ல ஹவுஸ்ஃபுல்லுன்னா பலகைய மாட்டிட்டுக் கதவ சாத்திடுவோம். மதியத்துக்குள்ளன்னா எந்த மதியம்?"

"இங்க கதவ சாத்த முடியாது அத்தை."

"அது சரி." அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி ஆம்புலன்ஸ்களைப் பார்த்தாள். "அடுத்த ஷோவுக்கு நிக்கறாங்க போல."

அன்றைக்கு அக்கா சிரித்தது அந்த ஒருதரம்தான்.

சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. கணவர் வருகிற நேரம். நான்காம் மாடியில் ஒரு கட்டில் காலியானது போல இருக்கிறது என்று யாரோ சொல்ல, அக்கா கிளம்பினாள். "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன் அத்தை. ஏதாவது வேணும்னா வாசல்ல இருக்கற ஸ்ட்ரெச்சர் அண்ணன கூப்பிடுங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாம், நீ போ."

அத்தைக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. அதை வாசலில் இருக்கிற ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அறை மூலையில்தான் பாத்ரூம், நாலு எட்டு. வார்டில் தாங்கிப் பிடித்து நடத்தியபோது இதைவிட அதிகமாக நடந்திருக்கிறாள். மருமகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதும் ஒன்று. ஒரு கையை மேசையிலும் ஒரு கையை நாற்காலிக் கைப்பிடியிலும் ஊன்றி எழுந்தாள். நாற்காலி பின்னால் ஓடியது. கட்டில் அக்கா அதைப் பூட்டியிருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் கால் எந்தச் சக்கரத்தையும் பூட்டியதில்லை. அவளை அப்படிப் பழக்கியது அந்த நடைபாதை.

அக்கா நான்காம் மாடியிலிருந்து வெறுங்கையோடு இறங்கி வந்தபோது அத்தையைத் தரையிலிருந்து தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் முகம் சாம்பலாக இருந்தது. வலியில் உதட்டைக் கடித்திருந்தாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணன் அக்காவைப் பார்க்காமல் கீழேயே பார்த்தார்.

"மேல எலும்பு வார்டுக்கே கொண்டு போயிடலாமாண்ணே?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போகலாம் என்று எழுதி அனுப்பப்பட்டவர் வார்டுக்குத் திரும்பிப் போக முடியாது. வாசலில் வந்து இறங்கியவர் மாதிரி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவசரப் பிரிவு டாக்டர் பார்க்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அதற்கு ஒரு வரிசை, பிறகு கட்டிலுக்கு ஒரு வரிசை. அந்த விதியை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் அவள் வேலையில் ஒரு பகுதிதான்.

டீ மெஷின் பக்கத்தில்தான் இடம் இருந்தது. தையல்காரம்மாவுக்கு அடுத்த ஸ்ட்ரெச்சர். டாக்டர் வந்து பார்த்து, மறுபடியும் முறிந்திருக்கும் போலத்தான் இருக்கிறது, எக்ஸ்ரே வந்ததும் சொல்கிறேன், எப்படியும் சேர்க்கத்தான் வேண்டும் என்று சொல்லி வலிக்கு ஓர் ஊசி போட்டுவிட்டுப் போனார். அக்காவுக்கு அழுகை வரவில்லை. காலையில் ஒரு கட்டிலைக் காலி செய்யக் கிளம்பியவள், மாலைக்குள் வரிசையில் ஓர் ஆளைக் கூட்டியிருந்தாள். காலையில் எழுந்து நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒருத்தி இப்போது அசைய முடியாமல் கிடந்தாள். அதுவும் யாருடைய கட்டிலுக்காக என்று பார்த்தால், அந்தத் தையல்காரம்மாவும் இன்னும் இங்கேதான் கிடந்தாள்.

மேசையில் போன் அடித்தது. சிரிப்பு சிஸ்டர்.

"அக்கா, கேள்விப்பட்டேன்." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "ஆளு வந்தாச்சு. ஆனா வாளிய இன்னும் எடுக்கல. உங்க அத்தைக்காக அப்படியே வெச்சிருக்கேன். டாக்டர் சேக்கணும்னு சொல்லிட்டாருல்ல? சட்டுனு மேல அனுப்பிடுங்க. யாராவது கேட்டா இப்பதான் கழுவி முடிச்சோம்னு சொல்லிக்கறேன்."

அக்கா கண்களை மூடிக்கொண்டாள். "வெச்சிரு. எடுத்துடாத" என்றாள். இதுதான் அவள் வாயிலிருந்து முதலில் வந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஜன்னலோரக் கட்டில். மொடமொடவென்று விரிப்பு. சத்தம் போடாத ஃபேன்.

போனைக் கையில் பிடித்தபடியே திறந்திருந்த கதவு வழியாக நடைபாதையைப் பார்த்தாள். தையல்காரம்மாவின் மாஸ்க்குக்குள் மூச்சு காலையைவிட வேகமாகப் புகைந்து புகைந்து மறைந்தது. தங்கை தன் அக்காவின் கழுத்திலிருந்து அளவு டேப்பைக் கழற்றி, அது இடைஞ்சலாக இருக்கிறதென்று நினைத்தோ என்னவோ, தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்து மறுபடி அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். கட்டில் எங்கே என்று அவள் கேட்பதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

"வாளிய எடுத்துடு" என்றாள் அக்கா.

"அக்கா?"

"அந்தத் தையல்காரம்மாவ அனுப்பறேன். ஆக்ஸிஜன் ரெடி பண்ணி வை." சொல்லிவிட்டு, சிரிப்பு சிஸ்டர் மேற்கொண்டு எதுவும் கேட்பதற்குள் போனை வைத்தாள். அவள் மேல் கோபமாக வந்தது. வாளியை எடுக்காமல் வைத்திருந்ததற்காக, அதைப் போன் போட்டுச் சொன்னதற்காக, கூட ஒரு கட்டில் இல்லாததற்காக. பாவம், இன்னொரு கட்டில் இல்லாததற்குச் சிரிப்பு சிஸ்டர் என்ன செய்வாள்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணன் தையல்காரம்மாவைக் கிளப்பினார். தங்கை ஓடி வந்து கட்டில் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்க்கா. நான் உங்கள என்னென்னவோ நெனச்சுட்டேன்." அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். பக்கத்தில் படுத்திருக்கிற கிழவி யாரென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

காலியான இடம் காலியாக இருக்கவில்லை. வாசல் கதவு திறந்தது, ஆம்புலன்ஸிலிருந்து அடுத்தவரை இறக்கி அங்கே நிறுத்தினார்கள்.

அக்கா அத்தையின் ஸ்ட்ரெச்சரருகே வந்தாள். குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு சக்கரத்தின் கட்டையைக் காலால் அழுத்திப் பூட்டினாள். அடுத்த சக்கரத்தையும் பூட்டினாள். நாலையும் பூட்டி நிமிர்ந்தபோது, பின்னாலிருந்து ஓர் ஆள், "அக்கா, கொஞ்சம் நகத்தினா நல்லாருக்கும், எக்ஸ்ரேக்குப் போகணும்" என்றான். அவள் குனிந்து நாலு சக்கரத்தையும் மறுபடி திறந்துவிட்டு, அத்தையைச் சுவரோரமாகத் தள்ளி வழிவிட்டாள். ஸ்ட்ரெச்சர் சுவரில் லேசாக இடித்தது. அத்தை முனகினாள்.

ஊசியில் அத்தைக்குக் கண் சொக்கியிருந்தது. கையை நீட்டி மருமகளின் சேலையைத் தொட்டுப் பார்த்தாள், ஆள் அவள்தானா என்று.

"வீட்டுக்கு இல்லியா அப்ப?"

"இல்ல அத்தை. மறுபடியும் மேல போகணும்."

"அந்த ஃபேன் இருக்கற கட்டிலுக்கா?"

"வேற கட்டிலுக்கு."

"எப்பம்மா கிடைக்கும்?"

வாசல் கதவுக்கு வெளியே விளக்குப் போட்டுவிட்டார்கள். கணவர் எங்கோ பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்கு அம்மாவைத் தூக்கிப்போக இரண்டு பேரை ஏற்பாடு செய்துவிட்டு, இந்நேரம் வந்துகொண்டிருப்பார்.

"மதியத்துக்குள்ள" என்றாள் கட்டில் அக்கா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது.

மதியமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தவள், எந்த மதியம் என்று கேட்கவில்லை.

"சரிம்மா" என்றாள்.